எல்லாருக்கும் தெரிந்திருந்தது

லண்டனில் 1952 முதல் ஓடிக்கொண்டிருக்கும் நாடகம் ஒன்று உண்டு. அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்டிராப்'. கொரோனா காலத்தில்தான் அது முதன்முறையாக நீண்ட நாள் நின்றது. கொலைகாரர் யார் என்பதை வெளியே போய்ச் சொல்லிவிடாதீர்கள் என்று ஒவ்வொரு காட்சி முடிவிலும் பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வார்கள். நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தக் கதைக்கு அடியில் நிஜமான ஒரு பையன் இருக்கிறான். அவனைப் பற்றிச் சொல்லத் தடை எதுவும் கிடையாது.

பெயர் டென்னிஸ் ஓ'நீல். தெற்கு வேல்ஸில் உள்ள நியூபோர்ட் நகரத்துப் பையன். வீட்டில் சரியான பராமரிப்பு இல்லை என்று நகர கவுன்சில் அவனையும் தம்பியையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1944இல் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் ஒரு பண்ணை வீட்டில் வளர்ப்புப் பிள்ளைகளாக அவர்களை விட்டது. அனுப்பியது நியூபோர்ட், பையன் இருந்தது ஷ்ராப்ஷயர். அந்த டிசம்பரில் நியூபோர்ட் அலுவலகத்து ஊழியர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்தார். பையன் நிலைமை சரியில்லை என்று அவருக்குத் தெரிந்தது. திரும்பிப் போய்ச் சொல்லவும் செய்தார். 1945 ஜனவரி 9 அன்று டென்னிஸ் இறந்துபோனான். அடி, பட்டினி, குளிர். வயது 12.

சர் வால்டர் மாங்க்டன் தலைமையில் விசாரணை நடந்தது. குழந்தையைக் கண்காணிக்க வேண்டிய பொறுப்பு இரண்டு நிர்வாகங்களுக்கு நடுவே விழுந்து கிடந்ததை அது எடுத்துக்காட்டியது. இந்த மரணம் கிளப்பிய அதிர்ச்சியின் தொடர்ச்சியாக 1948இல் குழந்தைகள் சட்டம் வந்தது. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் குழந்தைகளுக்கென்று தனி அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்றது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், அடுத்த எண்பது வருடங்கள் இங்கிலாந்தில் இதே கதை வேறு வேறு பெயர்களில் நடந்தது. ஒரு குழந்தை சாகும். விசாரணை வைப்பார்கள். 'துறைகள் ஒன்றோடொன்று தகவல் பகிரவில்லை' என்று அறிக்கை வரும். பகிர்வதற்கு ஒரு புதிய ஏற்பாடு செய்வார்கள். பிறகு இன்னொரு குழந்தை. அரசுத் துறைகளின் தரவுகளை ஒன்றாக இணைத்துவிட்டால் குழந்தைகளைக் காப்பாற்றிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. தரவுகளை இணைப்பதுதான் என் பிழைப்பு. அதனாலேயே இந்த நம்பிக்கை எனக்கு ரொம்ப நெருக்கமானது. அதனாலேயே சந்தேகமும்.

முப்பது புகார்கள்

1973 ஜனவரி. பிரைட்டன் நகரம். ஒரு தள்ளுவண்டியில் ஏழு வயதுச் சிறுமியை வைத்து மருத்துவமனைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவள் ஏற்கெனவே இறந்திருந்தாள். மரியா கோல்வெல். மாற்றாந்தந்தை வில்லியம் கெப்பிள் அடித்துக் கொன்றிருந்தான்.

மரியா கைக்குழந்தையாக இருந்ததிலிருந்தே அத்தை வீட்டில்தான் வளர்ந்தாள். அங்கே நன்றாகத்தான் இருந்தாள். பெற்ற தாய் திரும்பக் கேட்டதால் 1971 அக்டோபரில் அவளைத் தாயிடமே அனுப்பினார்கள். போகமாட்டேன் என்று குழந்தை அழுது அடம்பிடித்தது பதிவாகியிருக்கிறது. அடுத்த பதினைந்து மாதங்களில் அண்டை வீட்டாரும் ஆசிரியர்களும் அவளைப் பற்றிக் கொடுத்த புகார்கள் சுமார் முப்பது. சமூகநலத் துறை, குழந்தை வதைத் தடுப்புச் சங்கம், பள்ளி, மருத்துவர், வீட்டுவசதித் துறை, போலீஸ் என்று எங்கெங்கோ தகவல் போய்ச் சேர்ந்திருந்தது. குழந்தை மெலிந்துகொண்டே போகிறாள் என்று ஒருவருக்குத் தெரியும். கண்ணில் காயம் என்று இன்னொருவருக்குத் தெரியும். பள்ளிக்கு வரவில்லை என்று மூன்றாமவருக்குத் தெரியும்.

1974இல் வெளியான விசாரணை அறிக்கை, துறைகளுக்கு இடையே பேச்சுவார்த்தை இல்லாததையே மிகப்பெரிய தோல்வியாகக் குறிப்பிட்டது. குழுவில் இருந்த ஆலிவ் ஸ்டீவன்சன் என்ற பேராசிரியர் சில முடிவுகளில் மாறுபட்டுத் தனியாகத் தன் கருத்தை எழுதினார். அந்த ஆண்டே அரசு ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பல துறையினரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு குழந்தையைப் பற்றிப் பேசும் கூட்டங்கள், பகுதிவாரியான மேற்பார்வைக் குழுக்கள், ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கான பதிவேடு. இன்றைய மொழியில் சொன்னால் டேட்டாபேஸ். அன்று அது பேப்பர்.

முப்பது புகாரையும் ஒருவரே படித்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யாருக்கும் தோன்றும். அந்தக் கேள்வி நியாயமானது. பிற்பாடு வந்த ஏற்பாடுகள் எல்லாம் இந்தக் கேள்வியின் குழந்தைகள்தான்.

அன்னா என்ற விக்டோரியா

விக்டோரியா கிளிம்பியே 1991இல் ஐவரி கோஸ்ட்டில், அபிஜான் நகருக்கு அருகே பிறந்தாள். தந்தையின் அத்தை முறையான மரி தெரேஸ் கூவாவோ, ஐரோப்பாவில் நன்றாகப் படிக்க வைக்கிறேன் என்று அவளைக் கேட்டாள். பெற்றோர் நம்பி அனுப்பினார்கள். சொந்தக்காரர் வீட்டில் விட்டுப் படிக்க வைப்பது நம் ஊரிலும் நடக்கிற விஷயம்தானே. இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கூவாவோ அவளை முதலில் பிரான்ஸுக்குக் கொண்டுபோனாள். அன்னா என்ற வேறொரு சிறுமிக்கு வாங்கிவைத்திருந்த ஆவணங்களில் விக்டோரியாவை ஏற்றிக்கொண்டாள். 1999 ஏப்ரலில் இருவரும் லண்டன் வந்தார்கள். ஆகவே இங்கிலாந்தின் அத்தனை ஃபைல்களிலும் அவள் பெயர் அன்னா. அவளுடைய உண்மையான பெயர் இறந்தபிறகுதான் அதிகாரிகளுக்குத் தெரிந்தது.

அடுத்த பத்து மாதங்களில் அவள் எத்தனை வாசல்களைத் தாண்டினாள் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஈலிங், பிரென்ட், ஹாரிங்கே, என்ஃபீல்ட் ஆகிய நான்கு உள்ளாட்சிகளின் சமூகநலத் துறைகள். லண்டன் போலீஸின் இரண்டு குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுகள். இரண்டு மருத்துவமனைகள். குழந்தை வதைத் தடுப்புச் சங்கம் நடத்திய ஒரு மையம். பள்ளி மட்டும் இல்லை. படிக்க வந்த குழந்தை ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் போகவில்லை.

1999 ஜூனில் தூரத்து உறவினர் ஒருவர் பெயர் சொல்லாமல் பிரென்ட் சமூகநலத் துறைக்கு ஃபோன் செய்தார். ஜூலை 14 அன்று அவளைப் பார்த்துக்கொண்ட ஆயாவின் மகள் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். முதலில் பார்த்த டாக்டர், வேண்டுமென்றே ஏற்படுத்திய காயங்கள் என்று சந்தேகப்பட்டார். போலீஸ் பாதுகாப்பில் வைத்தார்கள். அன்றிரவே வந்து பார்த்த மூத்த மருத்துவர், இது சிரங்கு என்று முடிவு சொன்னார். மறுநாள் பாதுகாப்பை நீக்கிவிட்டார்கள். நீக்கிய போலீஸ் அதிகாரி குழந்தையை நேரில் பார்க்கவில்லை. பத்து நாள் கழித்து, முகத்தில் வெந்நீர்ப் புண்ணோடு இன்னொரு மருத்துவமனை. அங்கே பதின்மூன்று இரவுகள் தங்கினாள். ஆகஸ்ட் 6 அன்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இதற்கு நடுவில் ஆகஸ்ட் 4 அன்று அவள் வசித்த வீட்டை நேரில் பார்க்க ஹாரிங்கேயின் சமூகப் பணியாளரும் ஒரு காவலரும் கிளம்புவதாக இருந்தது. சிரங்கு என்று கேள்விப்பட்டதும், தங்களுக்கும் தொற்றிக்கொள்ளுமோ என்று பயந்து போகாமல் விட்டுவிட்டார்கள்.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். ஏனென்றால் தகவல் பகிரப்படவில்லை என்று சொல்ல முடியாத இடம் இது. 'சிரங்கு' என்ற தகவல் ஒரு மருத்துவமனையிலிருந்து போலீஸுக்கும், ஓர் உள்ளாட்சியிலிருந்து இன்னோர் உள்ளாட்சிக்கும் மிகத் திறமையாகப் பயணம் செய்தது. தவறான முடிவு, சரியான வேகத்தில். முதல் டாக்டரின் சந்தேகம் அதே வேகத்தில் போகவில்லை.

2000 பிப்ரவரி 25 அன்று விக்டோரியா இறந்தாள். உடலில் 128 காயங்கள். வயது எட்டு. ஹாரிங்கே அலுவலகம் அவளுடைய ஃபைலை மூடியதும் அதே நாளில்தான். கூவாவோவுக்கும் அவளோடு வாழ்ந்த கார்ல் மேனிங்குக்கும் 2001 ஜனவரியில் ஆயுள் தண்டனை கிடைத்தது.

லார்ட் லேமிங் தலைமையிலான விசாரணை அறிக்கை 2003 ஜனவரியில் வெளிவந்தது. மொத்தம் 108 பரிந்துரைகள். அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய 12 சந்தர்ப்பங்களை லேமிங் எண்ணிக் காட்டினார். அவற்றில் பெரிய திறமை தேவைப்பட்ட சந்தர்ப்பம் ஒன்றுகூட இல்லை என்றார். ஒரு மேலதிகாரி ஃபைலைப் பிரித்துப் பார்த்திருந்தாலோ, கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்டிருந்தாலோ போதும். சட்டத்தில் ஓட்டை இல்லை, நடைமுறையில்தான் ஓட்டை என்பதே அவருடைய மையமான வாதம். ஹாரிங்கேயின் சமூகப் பணியாளர் அவளை நான்கு முறை பார்த்திருந்தார். நான்கு முறையும் சேர்த்து அரை மணி நேரம்கூட இல்லை.

ஆனால் 108இல் 17ஆவது பரிந்துரை ஒன்று இருந்தது. 16 வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்குமான தேசிய டேட்டாபேஸ் பயன்படுமா என்று அரசு ஆராய வேண்டும், முதலில் சாத்தியமா என்று பார்த்து, பிறகு சிறிய அளவில் சோதித்து. அரசாங்கங்களுக்கு இப்படிப்பட்ட பரிந்துரை ரொம்பப் பிடிக்கும். 'மேலதிகாரிகள் ஃபைலைப் படிக்க வேண்டும்' என்பதை டெண்டர் விட முடியாது. டேட்டாபேஸை விட முடியும்.

வெறும் டெலிஃபோன் டைரக்டரி

2004இல் வந்த குழந்தைகள் சட்டத்தின் 12ஆவது பிரிவு அதற்கு வழிசெய்தது. பல பெயர்கள் மாறி, கடைசியில் 'காண்டாக்ட்பாயின்ட்' என்று பெயர் நின்றது. இங்கிலாந்தின் 18 வயதுக்குட்பட்ட சுமார் 1 கோடியே 10 லட்சம் குழந்தைகள். கட்டமைக்க 22 கோடியே 40 லட்சம் பவுண்டு. அதன்பின் வருடத்துக்கு 4 கோடியே 10 லட்சம் பவுண்டு. ஆசிரியர், மருத்துவர், சமூகப் பணியாளர், போலீஸ் என்று மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பயன்படுத்துவார்கள் என்று கணக்கிட்டார்கள்.

பயமுறுத்தும் எண்கள். ஆனால் உள்ளே என்ன இருந்தது என்று பார்த்தால் ஓர் என்ஜினியராக எனக்கு மரியாதை வருகிறது. குழந்தையின் பெயர், முகவரி, பிறந்த தேதி, ஓர் அடையாள எண், பெற்றோர் பெயர், பள்ளி எது, மருத்துவர் யார், வேறு எந்தத் துறை இந்தக் குழந்தையோடு தொடர்பில் இருக்கிறது, அவர்களை எப்படித் தொடர்புகொள்வது. அவ்வளவுதான். நோய், மதிப்பெண், சந்தேகம், குடும்பச் சண்டை, எதுவும் கிடையாது. எங்கள் தொழிலில் இதை இன்டெக்ஸ் என்போம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிற பொருளடைவு மாதிரி. விஷயம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லும். விஷயத்தைச் சொல்லாது. ஃபோனை எடுத்து அந்த மனிதரிடம் பேசுவது உங்கள் வேலை.

எதிர்ப்பு பலமாக இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. ராஸ் ஆண்டர்சன் உள்ளிட்ட கணினிப் பாதுகாப்பு அறிஞர்கள் 2006இலேயே அரசின் குழந்தை டேட்டாபேஸ்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார்கள். அவர்களுடைய அடிப்படை வாதம் எளிமையானது. லட்சக்கணக்கானவர்கள் திறக்கக்கூடிய பூட்டு பூட்டே இல்லை. அடிக்கிற கணவனிடமிருந்து தப்பித்து, முகவரியை மறைத்து வாழும் தாயும் பிள்ளையும் இந்த டேட்டாபேஸில் எங்கே ஒளிவார்கள்? அப்படிப்பட்டவர்களின் முகவரியை மறைக்க ஒரு வசதி சேர்த்தார்கள். ஆனால் மறைப்பதற்கும் யாரோ ஒருவர் நினைவாக டிக் போட வேண்டும்.

இதற்கிடையே 2007இல் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்திலிருந்து இடி விழுந்தது. வரித்துறை அலுவலகம் ஒன்று, குழந்தைகளுக்கான உதவித்தொகை பெறும் குடும்பங்களின் விவரங்களை இரண்டு சிடிக்களில் எழுதிச் சாதாரணத் தபால் பையில் தணிக்கைத் துறைக்கு அனுப்பியது. போய்ச் சேரவில்லை. இரண்டரைக் கோடிப் பேரின் பெயர், முகவரி, வங்கி விவரம். நவம்பரில் நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் நாடாளுமன்றத்தில் எழுந்து இதைச் சொல்ல வேண்டியதாயிற்று. அதன்பிறகு 'உங்கள் பிள்ளைகளின் விவரத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறோம்' என்று அந்த அரசு சொன்னால் யார் நம்புவார்கள்?

காண்டாக்ட்பாயின்ட் தாமதமாகி 2009இல் வடமேற்கு இங்கிலாந்தின் சில உள்ளாட்சிகளில் தொடங்கியது. 2010 மே மாதத்தில் ஆட்சி மாறியது. ஆகஸ்ட் 6 நண்பகலில் சுவிட்சை அணைத்துவிட்டார்கள். விக்டோரியாவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியதும் ஓர் ஆகஸ்ட் 6தான். தேதியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

காப்பாற்றியிருக்குமா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் போனால் நேர்மையில்லை. 1999இல் காண்டாக்ட்பாயின்ட் இருந்திருந்தால் விக்டோரியா பிழைத்திருப்பாளா?

அவள் இங்கிலாந்தில் பிறக்கவில்லை. பள்ளியில் சேரவில்லை. இந்த மாதிரி டேட்டாபேஸ்கள் வழக்கமாக எங்கிருந்து நிரம்புமோ அங்கெல்லாம் அவள் இல்லை. சமூகநல அலுவலகத்தில் யாராவது பதிந்தால்தான் உண்டு. பதிந்தாலும் அன்னா. பெயர்ப் பொருத்தம் எவ்வளவு தலைவலி என்று நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இனிஷியல் முன்னால், இனிஷியல் பின்னால், அப்பா பெயர் சர்நேமாக என்று பாஸ்போர்ட்டில் ஒரு பெயரும் பேங்கில் ஒரு பெயருமாக வாழ்பவர்கள் நாம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனைக் குழுமத்துக்காக இரண்டு பழைய மென்பொருள்களில் இருந்த நோயாளிப் பதிவுகளை ஒன்றாக்கும் வேலையில் இருந்தேன். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் ஒப்பிட்டு மதிப்பெண் போடுவோம். 90க்கு மேல் என்றால் ஒரே ஆள். 60க்குக் கீழே என்றால் வேறு ஆள். நடுவில் வருபவர்களை ஒரு பட்டியலில் போட்டுவிடுவோம், மனிதர் ஒருவர் பார்த்து முடிவு செய்யட்டும் என்று. மூன்று மாதம் கழித்து அந்தப் பட்டியலில் ஆயிரக்கணக்கான பெயர்கள் சேர்ந்திருந்தன. ஒன்றைக்கூட யாரும் திறக்கவில்லை. காரணம் சோம்பேறித்தனம் அல்ல. அதைப் பார்ப்பது யார் வேலை என்று எங்கள் டிசைன் டாக்குமென்டில் நாங்கள் எழுதவே இல்லை. 'யூசர் பார்ப்பார்' என்று இருந்தது. யூசர் என்று ஒரு ஆள் உலகத்தில் கிடையாது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

விக்டோரியா விஷயத்தில் டேட்டாபேஸ் ஒன்றைச் செய்திருக்கும். இரண்டாவது மருத்துவமனையின் டாக்டர் 'இந்தக் குழந்தையை வேறு யார் பார்த்திருக்கிறார்கள்?' என்று கேட்டால் உடனே பதில் வந்திருக்கும். அது சின்ன விஷயமல்ல. ஆனால் அந்தக் கேள்வியை யாராவது கேட்டிருக்க வேண்டும். பதிலில் கிடைத்த நம்பரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிட்ட பிறகு, சிரங்குக்குப் பயப்படாமல் அந்த வீட்டின் கதவைத் தட்டியிருக்க வேண்டும்.

அதே ஹாரிங்கேயில் 2007 ஆகஸ்டில் பீட்டர் கொனலி என்ற 17 மாதக் குழந்தை இறந்தது. அவன் பெயர் பதிவேட்டில் இருந்தது. எட்டு மாதங்களில் பல துறையினரும் சேர்ந்து சுமார் 60 முறை அவனைப் பார்த்திருந்தார்கள். துறைகளுக்கு அவனைத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கடைசி நாட்களில் வந்த சமூகப் பணியாளருக்குக் காயம் தெரியாமலிருக்க முகத்தில் சாக்லேட்டைத் தடவி வைத்திருந்தார்கள். சாக்லேட்டைத் துடைத்துப் பார்க்கிற மென்பொருள் இன்னும் வரவில்லை.

லண்டன் பொருளாதாரக் கல்லூரிப் பேராசிரியர் எய்லீன் மன்ரோ 2011இல் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பை முழுமையாக ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தார். 2006 அறிக்கையிலும் அவர் ஓர் ஆசிரியர். படிவங்களும் காலக்கெடுக்களும் சமூகப் பணியாளர்களைக் குழந்தைகளிடமிருந்து பிரித்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துவிட்டன என்பது அவருடைய கண்டுபிடிப்புகளில் முக்கியமானது. எல்லாக் குழந்தையையும் பதிவு செய்கிறேன் என்று கிளம்பினால், ஊசியைத் தேடுவதற்காக வைக்கோல்போரைப் பெரிதாக்குகிறீர்கள் என்ற வாதத்தையும் அவரைப் போன்றவர்கள் முன்வைத்தார்கள்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் வெறும் ஊகம், ஒரு பேச்சுக்கு. 1 கோடியே 10 லட்சம் குழந்தைகளில் ஆயிரத்தில் ஒன்று உண்மையிலேயே பெரிய ஆபத்தில் இருக்கிறது என்று வைப்போம். அதாவது 11,000 குழந்தைகள். நம்மிடம் 95 சதவீதம் சரியாகச் சொல்லும் கருவி இருக்கிறது. ஆபத்தில் இருப்பவர்களில் 10,450 பேரைப் பிடித்துவிடும். அபாரம். ஆனால் ஆபத்தில் இல்லாத குழந்தைகளில் 5 சதவீதத்தையும் தவறாகப் பிடிக்கும். அது கிட்டத்தட்ட ஐந்தரை லட்சம் குடும்பங்கள். ஆக, எச்சரிக்கை மணி அடிக்கும் ஒவ்வொரு 54 வீட்டிலும் ஒரு வீட்டில்தான் உண்மையான ஆபத்து. மீதி 53 வீட்டிலும் அரசாங்கம் போய்க் கதவைத் தட்டி 'உங்கள் பிள்ளையை அடிக்கிறீர்களா?' என்று கேட்கும். அந்த 53 வீடுகளைத் தட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் 54ஆவது வீட்டுக்கு யார் போவது?

தெரிகிறவர்கள் யார்

இங்கிலாந்து மெலிந்த இன்டெக்ஸை அணைத்த நேரத்தில், அமெரிக்காவில் ஒரு மாவட்டம் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. பென்சில்வேனியாவின் அலெகெனி. பிட்ஸ்பர்க் நகரம் இருக்கும் மாவட்டம். 1990களின் கடைசியிலேயே மார்க் செர்னா என்ற அதிகாரியின் தலைமையில் மனநலம், போதை மறுவாழ்வு, வீட்டுவசதி, சிறை, குழந்தைநலம் எல்லாவற்றின் பதிவுகளையும் ஒரே கிடங்கில் சேர்க்க ஆரம்பித்தார்கள். 2016 ஆகஸ்டில் அதன்மேல் ஒரு கணிப்புக் கருவியை ஏற்றினார்கள். நியூஸிலாந்தின் பொருளாதார அறிஞர் ரீமா வைத்தியநாதனும் அமெரிக்காவின் எமிலி பட்னம் ஹார்ன்ஸ்டைனும் தலைமைதாங்கி உருவாக்கியது. ஒரு குழந்தையைப் பற்றிப் புகார் ஃபோன் வந்தால், கருவி கிடங்கைத் துழாவி 1 முதல் 20 வரை ஒரு மதிப்பெண் போடும். நேரில் போய் விசாரிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க ஃபோனை எடுத்தவருக்கு அது உதவும்.

நியாயமாகச் சொன்னால், இவர்கள் மற்றவர்களைவிட வெளிப்படையாக நடந்துகொண்டார்கள். எப்படிக் கணக்கிடுகிறது என்று வெளியிட்டார்கள். நெறிமுறை ஆய்வை முன்கூட்டியே செய்யவைத்தார்கள். முடிவை மனிதரிடமே விட்டார்கள். ஃபோன் வந்த குடும்பங்களுக்கு மட்டும்தான் கருவி ஓடும்.

பிறகென்ன பிரச்சினை? வர்ஜீனியா யூபாங்க்ஸ் 2018இல் எழுதிய புத்தகத்தில் அதைத் துல்லியமாகச் சொன்னார். அந்தக் கிடங்கில் இருப்பது அரசாங்க சேவைகளின் பதிவு. அரசாங்க சேவைகளைப் பயன்படுத்துகிறவர்கள் யார்? ஏழைகள். குடிப் பழக்கத்துக்குத் தனியார் மறுவாழ்வு மையம் போகும் வக்கீலின் பெயர் அதில் இருக்காது. அதே பழக்கத்துக்கு அரசு மையத்துக்குப் போகும் பஸ் டிரைவரின் பெயர் இருக்கும். உதவி கேட்டு வரிசையில் நின்றதே பிற்பாடு ஆபத்தின் அடையாளமாக ஆகிவிடுகிறது. கருவி ஆபத்தை அளக்கிறதா, வறுமையை அளக்கிறதா என்ற கேள்விக்கு இன்றுவரை சண்டை ஓயவில்லை.

இதற்கு இன்னொரு விளைவும் உண்டு. உதவி கேட்டால் மதிப்பெண் ஏறும் என்று தெரிந்த தாய் உதவி கேட்கமாட்டாள். நாம் எந்தக் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று இவ்வளவும் செய்தோமோ, அந்தக் குழந்தை கண்ணிலிருந்து மறையும்.

எனக்கு முரணாகப் படுவது இதுதான். விவரம் எதுவும் இல்லாத, 'யாரைக் கூப்பிட வேண்டும்' என்று மட்டும் சொன்ன மெலிந்த ஏற்பாட்டைப் பயந்து அணைத்தோம். குடும்பத்தின் பழைய கதை முழுவதையும் தின்று ஒரு எண்ணைத் துப்பும் கனத்த ஏற்பாடு பிழைத்துக்கொண்டது. எண்ணுக்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது. ஃபோன் நம்பர் வேலை வைக்கும். மதிப்பெண் வேலையை முடித்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதியைக் கொடுக்கும்.

மறுபடியும் ஓர் எண்

2020இல் ஆறு வயது ஆர்தர் லபின்ஜோ ஹியூஸ், பதினாறு மாதக் குழந்தை ஸ்டார் ஹாப்சன் என்று இரண்டு மரணங்கள். 2022இல் தேசிய ஆய்வுக் குழுவின் அறிக்கை. தகவல் பகிர்வில் குறை என்று அதிலும் இருந்தது. 2024 டிசம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அறிமுகமான குழந்தைகள் நலன் மசோதாவில் ஒவ்வொரு குழந்தைக்கும் துறைகளெல்லாம் பொதுவாகப் பயன்படுத்தும் ஓர் அடையாள எண்ணுக்கு இடமிருக்கிறது. காண்டாக்ட்பாயின்ட்டை அணைத்துப் பதினான்கு வருடம் கழித்து அதன் முதல் நெடுவரிசையைத் திரும்ப எழுதுகிறார்கள்.

நான் அதற்கு எதிரி அல்ல. பொதுவான எண் இருப்பது நல்லது. 'அன்னா'க்கள் கொஞ்சம் குறைவார்கள். ஆனால் என்னிடம் டிசைன் கேட்டால் மூன்று விஷயம் கேட்பேன். மெலிந்ததாகவே இருக்கட்டும், யார் பார்க்கிறார்கள் என்பதைத் தாண்டி எதையும் சேர்க்க வேண்டாம். ஒரு குழந்தையின் பதிவை யார் எப்போது திறந்தார்கள் என்பதை அந்தக் குடும்பம் கேட்டால் காட்ட முடிய வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் பக்கத்தில் ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும். துறை அல்ல, பெயர். அந்த மனிதருக்குக் கதவைத் தட்டப் போக நேரமும், வண்டிச் செலவும், சந்தேகத்தைச் சொன்னால் காதுகொடுக்கும் மேலதிகாரியும் வேண்டும். மூன்றாவதுதான் விலை அதிகம். அதனால்தான் அது ஒவ்வொரு முறையும் விட்டுப்போகிறது.

இந்த அறிக்கைகளை வரிசையாகப் படிக்கும்போது கண்ணில் பட்ட ஒன்றோடு முடிக்கிறேன். டென்னிஸைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னவர் ஒரு சாதாரண ஊழியர். மரியாவுக்காகப் புகார் மேல் புகார் கொடுத்தவர்கள் அண்டை வீட்டாரும் டீச்சர்களும். விக்டோரியாவுக்காக ஃபோன் செய்தது ஒரு தூரத்து உறவு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது ஆயாவின் மகள். ஆர்தரின் முதுகில் காயத்தைக் கண்டு சொன்னது அவனுடைய பாட்டி. ஸ்டாருக்காகப் புகார் செய்தவர்களில் அவளுடைய கொள்ளுத்தாத்தா பாட்டியும் உண்டு. முதலில் பார்த்தவர்கள் எல்லாம் கண்ணால் பார்த்த சாதாரண மனிதர்கள். அவர்கள் சொல்லவும் செய்தார்கள்.

காண்டாக்ட்பாயின்ட்டில் பள்ளிக்கு ஒரு கட்டம் இருந்தது, மருத்துவருக்கு ஒரு கட்டம் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கட்டம் இல்லை.